குறைந்த தண்ணீரே கடினம்: சயான் மணற்கல் இடுக்குகளில் இறங்குவோரின் கணக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் தேசியப் பூங்காவில் இம்லே என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கு என்றதும் நம் மனத்தில் விரியும் அகன்ற வெளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இருபுறச் சுவர்களும் எட்டும். சில இடங்களில் தோளைத் திருப்பிக்கொண்டுதான் உடலை நுழைக்க முடியும். தலைக்கு மேலே வானம் ஒரு கீற்றாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. இதன் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழிகள் இருக்கின்றன, அவற்றில் மழைநீர் தேங்கி நிற்கிறது. கயிறு கட்டி இடுக்கு வழியே இறங்கும் சாகச விளையாட்டுக்காகக் குழுக்கள் இங்கே வருகின்றன. பெருமழைக்குப் பின் விளிம்பு வரை நிரம்பியிருக்கும் குழியை ஒரு குழு சில நிமிடங்களில் நீந்திக் கடந்துவிடும். மழையின்றிச் சில வாரங்கள் கழிந்து நீர்மட்டம் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டால், அதே குழியில் அதே திறமை உள்ளவர்கள் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்ளக்கூடும். தண்ணீர் குறைந்தால் வழி எளிதாகும் என்று நினைப்பதே இயல்பு. இங்கே நிலைமை நேர்மாறாக இருப்பதற்குக் காரணம் பாறையில் இருக்கிறது.

ஸ்லாட் கேன்யன் என்று அழைக்கப்படும் இந்த இடுக்குகளில் மிகப் பல, நவஹோ மணற்கல் எனப்படும் பாறையில் அமைந்தவை. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி பரந்த மணற்பாலையாக இருந்தது. அன்றைய மணல்மேடுகள் இறுகிக் கல்லானதுதான் இன்றைய பாறை. சயானில் இதன் தடிமன் சில இடங்களில் 2,000 அடியை எட்டுகிறது. நிலம் உயர்ந்தபோது இந்தப் பாறையில் செங்குத்தான விரிசல்கள் கிட்டத்தட்ட இணையான வரிசைகளில் விழுந்தன. மேட்டில் பெய்யும் மழை இந்த விரிசல்களையே வாய்க்காலாகக் கொண்டு இறங்குகிறது. தண்ணீர் மட்டும் பாறையை இந்த அளவுக்கு அறுத்துவிடாது. வெள்ளம் இழுத்து வரும் மணலும் கற்களுமே அரம்போல் தேய்க்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி ஓட்டமே இல்லாத இந்த இடுக்குகள் ஆண்டுக்குச் சில மணி நேரம் ஓடும் வெள்ளத்தால் வெட்டப்பட்டவை என்பதை அங்கே இறங்குபவர் ஒரு கணமும் மறக்கக் கூடாது.

வெள்ளம் ஒரு படியிலிருந்து விழும் இடத்தில் நீர் சுழலும்; அந்தச் சுழலில் கற்கள், ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதைப் போலச் சுழன்று, பாறையைக் குடைந்துகொண்டே போகும். இப்படி உண்டாகும் குடக்குழிகள் வாய் குறுகி வயிறு பெருத்தும் இருக்கலாம், நேர்ச்சுவரோடும் இருக்கலாம். முக்கியமானது, நாம் வெளியேற வேண்டிய கீழ்ப்பக்க விளிம்பு. குழி ஆழமாகிக்கொண்டே போனாலும் அந்த விளிம்பு அவ்வளவு விரைவில் தேய்வதில்லை. ஆகவே தண்ணீர் நிறைந்திருக்கும்போது விளிம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மட்டம் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டால், வழுவழுப்பான, பெரும்பாலும் உட்பக்கமாகச் சாய்ந்த சுவரின் உச்சியில், கைக்கு எட்டாமல் நிற்கும். உள்ளே குதித்தவர் அங்கேயே தங்கிவிட நேரும் என்பதால் இத்தகைய குழிகளை அங்கே 'கீப்பர்' என்கிறார்கள். விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் குழி என்பது பொருள்.

வறண்ட குழியாக இருந்தால் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி விளிம்பைப் பிடிக்கலாம். கழுத்தளவுத் தண்ணீர் இருந்தாலும் கீழே நிற்பவருக்குத் தரை உண்டு. கால் எட்டாத ஆழம் என்றால் கதை வேறு: மிதக்கும் மனிதர் இன்னொருவரை மேலே தள்ளினால், தள்ளியவர்தான் கீழே போவார், உந்துவதற்குத் தரை இல்லை. குளிரைத் தாங்க உதவும் ரப்பர் உடையான வெட்சூட் அணிந்தவர் எளிதில் மூழ்கமாட்டார் என்பதும் இங்கே உதவாத வசதி, ஏனெனில் அடியில் போய்க் காலூன்றி எம்ப முடியாது. பாறையோ நுண்பாசி படர்ந்து வழுக்கும். எனவே ஏறுவதற்கான பிடியை நீரில் இருந்தபடியே எறிந்து உண்டாக்கவேண்டும்.

அதற்கான வழிகளில் எளியது, முதுகுப்பையை எறிவது. பையில் தண்ணீரை நிரப்பி, கயிற்றில் கட்டி, விளிம்புக்கு அப்பால் விழுமாறு வீசுகிறார்கள். விளிம்புக்கு அப்பால் இன்னொரு பள்ளமோ குழியோ இருந்தால், பையின் எடையும் பாறையில் கயிறு உரசும் உராய்வும் சேர்ந்து ஒருவர் கயிற்றைப் பற்றி மேலேறப் போதுமான பிடியைத் தரும். நீரில் மிதந்துகொண்டே பத்துப் பதினைந்து கிலோ எடையை ஆள் உயரத்துக்கு மேலே எறிவது எவ்வளவு கடினம் என்பதை முயன்றவர்களே அறிவார்கள். முதல் வீச்சு பொதுவாகத் தவறும், பத்தாவது வீச்சுக்குள் கை சோர்ந்துவிடும். இதற்காகவே கைப்பிடி வைத்த சிறு மணற்பைகளைச் செய்துகொண்டார்கள். குழிக்கு முன்னால் கிடக்கும் மணலையே அவற்றில் நிரப்பி, இரண்டு மூன்றை ஒரே கயிற்றில் கோத்து எறிவார்கள். இம்லே போன்ற இடங்களில் முன்னே போனவர்கள் பாறையில் துளைத்து வைத்த சிறு துளைகளும் உண்டு. நீண்ட கோலின் நுனியில் கொக்கியைப் பொருத்தி அந்தத் துளையில் மாட்டி, அதில் தொங்கும் நாடா ஏணியில் காலை வைத்து, அடுத்த துளைக்கு ஏற வேண்டும். எதுவும் பலிக்காதபோது கையால் பாறையைத் துளைத்து, பிடிப்புக்கான உலோக ஆணியை (போல்ட்) இறக்குவதுதான் மிச்சம். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் மோட்டார் துளைக்கருவிக்கு அனுமதி இல்லை. குளிரில் நடுங்கும் கையால் சுத்தியல் அடிக்கும் வேலை அது.

தேர்ந்த குழு ஒருபோதும் எல்லோரும் ஒன்றாகக் குழிக்குள் இறங்காது என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ளவேண்டும். ஒருவர் கயிற்றோடு இணைக்கப்பட்டு உள்ளே போவார். மற்றவர்கள் மேல் விளிம்பில், காலூன்ற இடமுள்ள உலர்ந்த தரையில் நிற்பார்கள். அவரால் மறுபக்கம் ஏற முடியவில்லை என்றால் இழுத்து எடுத்துவிடலாம். குதித்து இறங்குவதும் இங்கே பெரும் பிழை. போன மாதம் மூன்று மீட்டர் ஆழமாக இருந்த மடு, இடையில் வந்த ஒரு வெள்ளத்தில் மணல் நிரம்பி, கலங்கிய நீருக்கு அடியில் முழங்கால் ஆழமாக மாறியிருக்கலாம். இடுக்கின் நடுவில் கணுக்கால் முறிந்த ஒருவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர ஒரு பகல் போதாது.

குளிரைப் பற்றி வெளியே இருப்பவர்கள் சரியாக ஊகிப்பதில்லை. மேலே பாலைவன வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும் சூரியன் எட்டாத குழியில் நிற்கும் தண்ணீர் பற்களைக் கிட்டவைக்கும். காற்றை விடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்கிறது. குளிர்நீர் குறித்து ஆராய்ந்த கனடா அறிஞர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்றொரு வாய்பாட்டைப் பரப்பினார். உறைநிலையை நெருங்கிய நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் பயன்படும் நிலையில் இருக்க 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம் கிடைக்கும் என்பது அதன் சாரம். இடுக்குகளின் தண்ணீர் பெரும்பாலும் அவ்வளவு குளிர்ந்ததாக இருப்பதில்லை, வெட்சூட்டும் காப்பாற்றுகிறது. ஆனாலும் இழப்பின் வரிசை இதுவேதான். முதலில் போவது விரல்களின் நுட்பம். முடிச்சு போட முடியாமல் போவதும், கயிற்றை மாட்டும் உலோக வளையமான காராபினரின் வாயைத் திறக்க முடியாமல் போவதும், உயிருக்கு ஆபத்து வருவதற்கு வெகு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அறிவு மங்குகிறது. சோர்ந்தவர் தாம் நன்றாக இருப்பதாகவே சொல்வார். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒருவரை நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், ஒரு முடிச்சைப் போடச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இக்கட்டும் இங்கேதான் தெரிகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது குழிகள் நிறைந்திருக்கும், ஆனால் நீர் கடுங்குளிர். ஜூன் மாதத்தில் வெப்பம் தாங்கும், வெள்ள அபாயமும் குறைவு, ஆனால் குழிகளில் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை அப்பகுதிக்குப் பருவமழை. குழிகளை நிரப்புவதும் அதுதான், ஆளைக் கொல்வதும் அதுதான். எந்த மாதமும் எல்லா வகையிலும் ஏற்றதாக இல்லை.

இவ்வளவையும் ஒரு தரக்குறியீட்டில் அடக்கிவிட முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் வழங்கும் முறையில் 1 முதல் 4 வரையுள்ள எண் கயிற்று வேலையின் கடினத்தையும், ஏ, பி, சி என்ற எழுத்து தண்ணீரின் நிலையையும் சொல்லும். ஏ என்றால் வறண்டது அல்லது நனையும் அளவு. பி என்றால் நீந்தவேண்டிய, ஆனால் ஓட்டமற்ற நீர். சி என்றால் ஓடும் நீர். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ரோமன் எண் காட்டும். பயனுள்ள முறைதான். ஆனால் அது ஒரு நல்ல நாளின் குறிப்பு மட்டுமே என்பதை நூல்களும் இணையப் பக்கங்களும் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மலை ஏறுபவருக்குப் பாறையின் உயரம் ஆண்டுதோறும் மாறுவதில்லை. இடுக்கில் இறங்குபவருக்குத் தரையே வெள்ளத்துக்கு வெள்ளம் மாறுகிறது. ஒரு வெள்ளம் மணலை வாரிக்கொண்டு போனால் நடந்து போன இடம் நீந்தும் இடமாகிவிடும்; கயிற்றைக் கட்டும் நங்கூரமாகப் பயன்பட்ட மரக்கட்டை காணாமல் போயிருக்கும்; இரு சுவர்களுக்கிடையில் சிக்கி நின்ற பாறை சற்றே நகர்ந்திருக்கும். யூட்டாவின் ப்ளூ ஜான் பள்ளத்தாக்கில் 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறியின் வலக்கையை நசுக்கிப் பிடித்தது அப்படி இடையில் சிக்கி நின்று, அவர் இறங்கும்போது நகர்ந்த ஒரு பாறைதான்.

கயிற்று வேலையில் மலையேற்றப் பழக்கம் சில இடங்களில் உதவும், சில இடங்களில் கெடுக்கும். முதல் வேறுபாடு, இறங்கிய பின் கயிற்றை உருவி எடுத்துவிடவேண்டும் என்பது. அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு தேவை. உருவிய கணத்திலிருந்து மேலே திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. முன்னே உள்ளதைக் கடந்தே தீரவேண்டும். ஆகையால் கயிற்றை உருவுவதற்கு முன், அது தடையின்றி நழுவி வருகிறதா என்று கடைசி ஆள் இறங்குவதற்குள் கீழிருந்து இழுத்துச் சோதிக்கிறார்கள். மென்மையான மணற்கல்லில் கயிறு விளிம்பை அறுத்து நீண்ட பள்ளங்களை உண்டாக்கிவிடுகிறது. அந்தப் பள்ளத்திலேயே முடிச்சு மாட்டிக்கொள்வதும் உண்டு. ஈரத்தில் இந்தப் பாறை மேலும் வலுவிழக்கும்.

இரண்டாவது வேறுபாடு ஓடும் நீரில் வருகிறது. பாறை ஏற்றத்தில் கயிற்றின் கீழ்முனையில் முடிச்சு போட்டுவைப்பது உயிர்காக்கும் பழக்கம். முனை கையை விட்டு நழுவாமல் அது தடுக்கும். அருவியின் கீழே அதே முடிச்சு ஆளைக் கொல்லும். நீர் கொட்டும் இடத்தில் இறங்கி மடுவை அடைந்தவர் உடனே கயிற்றிலிருந்து விடுபட்டு நீந்தி விலகவேண்டும். கயிற்றில் இறங்க உதவும் கருவியில் முடிச்சு மாட்டினால் கொட்டும் நீருக்கு அடியிலேயே தொங்கிக்கொண்டிருப்பார். எனவே கயிற்றின் நீளத்தை முனை நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி மேலிருப்பவர் சரிசெய்கிறார், முனையில் முடிச்சு கிடையாது, இறங்குபவர் அப்படியே கயிற்றின் முடிவிலிருந்து நழுவி விழுந்து நீந்திப் போய்விடுவார். மேலே உள்ள நங்கூரமும், எடை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கயிற்றைத் தளர்த்தி விடக்கூடியதாகக் கட்டப்படுகிறது. அருவியின் இரைச்சலில் குரல் கேட்காது. விசிலும் கைச்சைகையுமே மொழி, அவற்றின் பொருளை மேலேயே பேசி முடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

சயானின் வடக்குப் பக்கத்தில் உள்ள கோலோப் ஓடை இந்த வேறுபாட்டைக் கடுமையாக உணர்த்தியது. மேலே உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கப்படும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் ஓடுகிறது. 1993-இல் இளைஞர்களை அழைத்துச் சென்ற ஒரு குழு பலத்த ஓட்டத்தில் இறங்கியபோது, வழிநடத்திய பெரியவர்களில் இருவர் சுழலில் மூழ்கி இறந்தார்கள். மற்றவர்கள் மீட்கப்படும் வரை பாறைத் திட்டில் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். தேங்கிய நீரில் கற்ற பாடங்கள் ஓடும் நீரில் செல்லாது.

வெள்ளத்தின் கணக்கு இதைவிடக் கொடியது. வழவழப்பான மொட்டைப் பாறை மழையை உறிஞ்சுவதில்லை. பல சதுர கிலோமீட்டரில் விழுந்த நீர் முழுவதும் ஒரு மீட்டர் அகலமுள்ள வாய்க்குள் வந்து சேரும். அணை நீர்வரத்தைச் செய்தித்தாளில் படித்துப் பழகியவர்களுக்கு வினாடிக்கு 1,000 கன அடி என்பது அற்பமான அளவு. அதையே ஒரு மீட்டர் அகல இடுக்கில் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால், நீரின் ஆழம் 7 மீட்டர் ஆகிவிடும். சுவர்களுக்கிடையே, தலைக்கு மிக உயரத்தில், அடிமரங்கள் குறுக்கே சிக்கி நிற்பதை அங்கே போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது இந்த ஆழம்தான்.

2015 செப்டம்பர் 14 அன்று சயானின் கீஹோல் பள்ளத்தாக்கில் ஏழு பேர் இறங்கினார்கள். கீஹோல் குட்டையானது; சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; 3பி என்று தரமிடப்பட்டது; கயிற்று வேலையில் புதியவர்கள் பழகப் போகும் இடங்களுள் ஒன்று. அன்று பூங்கா திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பு மிகுதி என்று அறிவித்திருந்தது; தேசிய வானிலைச் சேவையின் வெள்ள எச்சரிக்கை பிற்பகலில் வந்தது. மழை கொட்டியபோது பூங்காவின் முதன்மை ஆறான வெர்ஜின் ஆற்றின் வடகிளையில் ஓட்டம் 15 நிமிடங்களில் வினாடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடியாக உயர்ந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். அதே நாளில் அருகிலுள்ள ஹில்டேல் ஊரில் இரண்டு வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றதில் பெண்களும் குழந்தைகளுமாக 13 பேர் மாண்டார்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்ததும் இப்படித்தான். புயல்மழை பெய்தது பல மைல் தொலைவில் இருந்த மேட்டில்.

கீஹோலில் இறந்தவர்களைக் குறைகூறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வாய்ப்பு மிகுதி என்று அறிவிக்கப்பட்ட நாட்களில் எத்தனையோ நாட்கள் ஒன்றும் நிகழாமல் கழிந்திருக்கின்றன. எளிய இடம் என்ற பெயரும் துணிவைத் தந்திருக்கும். அந்தப் பெயர் கயிற்றைப் பற்றியது, மேட்டில் திரளும் மேகத்தைப் பற்றியதன்று. கடினமான இம்லேயில் ஏறி ஒதுங்க ஒரு திட்டாவது கண்ணில் படக்கூடும். எளிய கீஹோலில் உயரத்துக்கு வழி இல்லை. ஓர் இடுக்கில் எந்தெந்த இடத்திலிருந்து மேலே ஏற முடியும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்வதும், அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரமாகக் கணக்கிடுவதும், அந்த நேரத்துக்குள் மேட்டின் நீர்ப்பிடிப்பில் மழை வராது என்று உறுதியானால் மட்டும் இறங்குவதும்தான் தேர்ச்சியின் பெரும்பகுதி. உள்ளே போனபின் நீரில் திடீரென்று சேறு கலங்குவதோ, நுரையும் சுள்ளியும் மிதந்து வருவதோ, காற்று முகத்தில் மோதுவதோ தெரிந்தால், உயரத்துக்கு ஏற எஞ்சியிருப்பது பெரும்பாலும் சில வினாடிகளே.

சயானில் நீர்க்குழிகளுக்குப் பேர்போன இன்னொரு பள்ளத்தாக்கு ஹீப்ஸ். நாள் முழுவதும், பலருக்கு இரண்டு நாட்கள், குழிகளில் நீந்தியும் ஏறியும் வந்த பிறகு, இடுக்கு திடீரென்று ஒரு பெருஞ்சுவரின் நடுவில் திறந்துகொள்கிறது. அங்கிருந்து தரைக்குப் போகத் தொடர்ச்சியாக இறங்கவேண்டிய கயிற்றிறக்கங்களில் கடைசியானது ஏறத்தாழ 85 மீட்டர், பெரும்பகுதி சுவரைத் தொடாத அந்தரம். அந்த ஓர் இறக்கத்துக்காகவே அவ்வளவு நீளக் கயிற்றையும் அதை உருவுவதற்கான இன்னொரு கயிற்றையும், நனைந்து கனத்த நிலையில், ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். இதற்கு முன்னுள்ள இறக்கத்தின் முடிவில் கால்வைக்கக் கிடைப்பது பறவைக்கு மட்டுமே வசதியான சிறு திட்டு. குளிரில் விறைத்த விரல்களோடு, பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில், இரு கயிறுகளையும் இணைத்து, சிக்கில்லாமல் கீழே விட்டு, ஒவ்வொருவரின் இணைப்பையும் இன்னொருவர் தொட்டுப் பார்த்து அனுப்புகிறார். கீழே மேல் எமரால்டு குளத்தின் கரையில் நடைபாதை வழியாக வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மிக உயரத்தில் ஒரு தலைவிளக்கு எரிவதையும், பின் அது மெல்லக் கீழிறங்குவதையும் அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.